மாமியார் கொடுத்த மார்க்

"என்னடி சொல்றான் அவன்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, டி.வி. முன்னாலிருந்து பாதியில் எழுந்து போய்விடுவார் என் மாமியார். காது டாக்டரிடம் காட்டினோம். கூடவே சவுண்ட்பார் வாங்க அவரையே கடைக்கு அழைத்துப் போனேன்.

கடைக்காரர் சண்டைக் காட்சி போட்டு அதிர வைத்தார். "செய்தி போடுங்க, சத்தத்தைக் குறைச்சு" என்றேன். வயதான காதில் முதலில் மங்குவது உச்ச ஸ்தாயி ஒலிகள். 'ஸ', 'ஷ' நழுவிவிடும். அதிர்வு மிஞ்சினால் பேச்சு இன்னும் அமுங்கும்.

மாமியார் கண்ணை மூடிக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். 2.1-ல் பாதி வார்த்தை போச்சு. பேச்சுக்கென நடு ஸ்பீக்கர் உள்ள 3.1-ல் முழுசாகச் சொன்னார். அதையே வாங்கினோம். அலமாரிக்குள் அடைக்காமல், டி.வி.க்குக் கீழே முன்பக்கம் மறைக்காமல் வைத்தேன்.

இப்போது அவர் பாதியில் எழுந்து போவதில்லை, சகோதரிகளே. கதையை எனக்கே சொல்கிறார்!