கொப்பி கார் குற்றமில்லை, பொய்தான் குற்றம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவுக்குப் பழைய கார்களும் வந்துவிடும். மொரிஸ் மைனர், ஒஸ்டின், வில்லிஸ் ஜீப், லேண்ட் ரோவர். எப்போதாவது ஒரு மஸ்டாங் வந்து நின்றால் எங்கள் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கியது. ரதல்லயில் தேயிலைக்கு நடுவே கார் பறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கார்ப் பைத்தியம் நமக்குக் கொழும்பிலிருந்து வந்த நோயல்ல.

காரோடு சேர்ந்து ஒரு சண்டையும் வருகிறது. "இது ஒரிஜினலா, கொப்பியா?" வட்ஸ்அப் குழுக்களில் இதற்காக இரண்டு கட்சி. ஒரு கட்சி, கொப்பி என்றால் குப்பை என்கிறது. மற்றக் கட்சி, பார்க்க ஒன்றுபோல இருந்தால் போதும், எதற்கு ஆராய்ச்சி என்கிறது. இரண்டு பேரும் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுக் கத்துகிறார்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

முதலில், கொப்பியைப் பழிப்பவர்களுக்கு.

அமெரிக்காவின் புகழ்பெற்ற ஷெல்பி கோப்ரா காரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே அதிகம் கொப்பி பண்ணப்பட்ட கார்களில் ஒன்று அது. 1960களில் செய்யப்பட்ட அசல் கோப்ராக்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்த நகல்கள் பல மடங்கு. சரி, அந்த அசல் எப்படிப் பிறந்தது? இங்கிலாந்தின் ஏ.சி. கம்பனி செய்த சிறிய காருக்குள் அமெரிக்க ஃபோர்ட் வி8 என்ஜினை இறக்கினார் கரோல் ஷெல்பி. 1962இல் வந்த 'சுத்த ஒரிஜினல்' என்பதே ஒருவருடைய உடம்பும் இன்னொருவருடைய இதயமும்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1977க்கு முன் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில், தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக லேத்தில் கடைந்து போட்டுத்தான் கார்கள் ஓடின. கிடைத்த ஜப்பான் என்ஜினை மைனருக்குள் இறக்கி ஓடியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைத் திருத்திய சார்ல்ஸ் வெயார், 1990களில் இலங்கையில் ஒரு பங்காளியோடு சேர்ந்து அந்தக் காருக்கான பாகங்களைச் செய்வித்தார். இங்கே செய்த பாகங்கள் அங்கே 'ஆங்கிலேய' மைனர்களில் பூட்டப்பட்டன. அப்படியிருக்க, ஹட்டனில் ஒரு கராஜில் பாஸ் ஒருவர் மாதக்கணக்கில் தகடு தட்டி, வளைத்து, ஒட்டி ஒரு பழைய காரை எழுப்பி நிறுத்தினால், அதைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தப் பாஸ்மாரில் பலர் லயத்தில் பிறந்து, சாமான்யதரத்தோடு படிப்பை விட்டு, கையால் தொழில் கற்றவர்கள். அவர்களின் வேலையைக் குப்பை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வகுப்பில் நாங்கள் தினமும் கொப்பி பண்ணச் சொல்கிறோம். பார்த்து எழுதாமல் எந்தப் பிள்ளையும் எழுத்துப் பழகியதில்லை. அதே பிள்ளை பரீட்சை மண்டபத்தில் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால் அது குற்றம். இரண்டு இடத்திலும் கை செய்தது ஒரே வேலை. தன்னுடையது அல்லாததைத் தன்னுடையது என்று கொடுத்ததுதான் வித்தியாசம்.

இப்போது மற்றக் கட்சிக்கு வருகிறோம். "பார்க்க ஒன்றுதானே" என்பவர்களே, ஒன்றல்ல. அசல் என்பது ஒரு சாட்சி. துரைமாரை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண்பாதையில் ஏறிய லேண்ட் ரோவர் அந்தக் காலத்தைப் பார்த்திருக்கிறது. பழைய இலக்கத் தகட்டில் இருக்கும் அந்தச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் பாருங்கள். 1958இல் அதற்கு எதிராகத் தார் பூசிப் போராட்டம் நடந்தது. இன்று அதே எழுத்தைக் காட்டி "பழைய நம்பர்" என்று விலை சொல்கிறார்கள். நாட்டின் ஒரு காயம் அந்தத் தகட்டில் இருக்கிறது. நேற்று வெட்டிய தகட்டில் அது எப்படி வரும்?

சாட்சிக்குத்தான் விலை. 1971ஆம் ஆண்டின் பிளைமவுத் ஹெமி குடா திறந்த கார் ஒன்று 2014இல் அமெரிக்காவில் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டின் சாதாரண பரகுடாவை எடுத்து, அதே நிறம் அடித்து, அதே என்ஜினை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த விலை மட்டும் வராது. பொண்டியாக் ஜி.டி.ஓ. கதையும் இதுதான். 1964, 1965ஆம் ஆண்டுகளில் அது லெமான்ஸ் காருக்கு மேலதிகமாக வாங்கும் ஒரு தொகுதி மட்டுமே. சேஸி இலக்கத்தைப் பார்த்து அது ஜி.டி.ஓ.வா என்று சொல்ல முடியாது. 1966இல்தான் அதற்கென்று தனி இலக்கத் தொடக்கம் வந்தது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் எத்தனை பொய்க் கார்கள் நுழைய முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது அமெரிக்காப் பணக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓட்டைக் காருக்கும் விலை ஏறியது. அந்த நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்த ஒரு சகோதரர், வளைகுடாவில் உழைத்த காசில் "ஃபுல் ஒரிஜினல்" என்று ஒரு பழைய கார் வாங்கினார். கல்யாண ஹயருக்கு விட்டுப் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. முதல் மழைக்காலத்திலேயே வர்ணம் வெடித்தது. உள்ளே விரல் கனத்துக்குப் பட்டி. சேஸியில் இலக்கம் இருந்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு. பதிவுப் புத்தகம் ஒரு காருடையது, உடம்பு இன்னொரு காருடையது. விற்றவர் கேட்டாராம்: "நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் மார்க்கத்தில் தெளிவாக இருக்கிறது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. மறைக்காதே என்றார்கள். பழைய காருக்கும் சட்டம் இதுதான். பட்டி இருந்தால் பட்டி என்று சொல். என்ஜின் மாற்றியிருந்தால் மாற்றியது என்று சொல். ஈரத்தை மேலே வை.

மார்க்கம் வேறானவர்களுக்கும் இது புரியும். தேயிலையில் வாழ்கிறவர்கள் நாம். பல நாட்டுத் தேயிலையைக் கலந்து விற்பது உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம். ஆனால் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை, இங்கேயே பொதி செய்த நூறு வீதம் சிலோன் தேயிலைக்கு மட்டும்தான். கலந்த தூளுக்கு அந்தச் சிங்கத்தை ஒட்டினால் நாம் சும்மா இருப்போமா? நம் அம்மாமார் கொழுந்து பறித்துக் காத்த பெயர் அது. தூளில் சீனி கலந்த செய்தி வந்தபோது கொதித்த நாம், காரில் அதே வேலையைச் செய்கிறவரை "கெட்டிக்காரன்" என்று ஏன் தட்டிக்கொடுக்கிறோம்?

நேர்மையாகச் செய்ய முடியாதா? முடியும். ஜாகுவார் கம்பனி 1960களில் இலகு எடை ஈ-டைப் பந்தயக் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு 12 மட்டும் செய்தது. மீதி ஆறு இலக்கங்கள் ஐம்பது வருடம் சும்மா கிடந்தன. 2014இல் அந்த ஆறு காரையும் செய்யப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்துவிட்டுத்தான் செய்தது. அசலைச் செய்த கம்பனிக்கே இது புதிதாகச் செய்தது என்று சொல்ல வெட்கம் இல்லை. நமக்கு என்ன வெட்கம்?

ஆகவே சில கோரிக்கைகள்.

விற்பவர்களே, விளம்பரத்தில் "ஒரிஜினல்" என்று போடுமுன் எது ஒரிஜினல் என்று எழுதுங்கள். உடம்பா, என்ஜினா, கியர் பொக்ஸா, உள் இருக்கையா? கொப்பி என்றால் கொப்பி என்றே எழுதுங்கள். நல்ல கொப்பிக்கு நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது.

வாங்குபவர்களே, சேஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் உங்கள் கண்ணால் பார்த்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரம் எடுத்துப் பாருங்கள். நம்பிக்கையான ஒரு பாஸைக் கூட்டிப் போங்கள். பேசியதை எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை நம் சகோதரர்கள் மறக்க வேண்டாம்.

தரகர்களே, தெரிந்துகொண்டே வாய் மூடி வாங்கும் கமிஷன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டில் போய்ச் சேரும். யோசியுங்கள்.

கடைசியாக எங்கள் பாஸ்மாருக்கு. யார் எவ்வளவு காசு காட்டினாலும் இலக்கம் வெட்டி ஒட்டும் வேலையைத் தொடாதீர்கள். மாட்டினால் உள்ளே போவது நீங்கள்தான், காசு காட்டியவர் அல்ல. நீங்கள் புதிதாக எழுப்பிய காரின் பொனட்டுக்கு உள்ளே ஒரு சின்னத் தகடு அடியுங்கள். உங்கள் பெயர், ஊர், வருடம். இன்னும் ஐம்பது வருடத்தில் எங்கள் பேரப்பிள்ளை யாராவது அந்த பொனட்டைத் திறந்து, இதை ஹட்டனில் ஒருவர் கையால் செய்தார் என்று வாசிக்கட்டும். அன்றைக்கு அந்தக் கொப்பியும் ஒரு சாட்சிதான்.

வஸ்ஸலாம்.