கொட்டாய் போனதில் யாருக்கு நஷ்டம்?

போன வாரம் மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருந்த பழைய தியேட்டரை இடிச்சுட்டு இருந்தாங்க. கல்யாண மண்டபம் வருதாம். என்கூட நின்னு பார்த்த ரெண்டு பேர் போனில் படம் பிடிச்சு, எங்க பொற்காலம் போச்சுன்னு ஸ்டேட்டஸ் போட்டாங்க.

எனக்கு அந்தப் பொற்காலப் பேச்சு ஒத்து வராதுங்க. மூட்டைப்பூச்சி, பீடிப் புகை, இடைவேளையில் பின்பக்கச் சுவரோரம் அடிக்கிற நாத்தம், எல்லாத்தையும் அனுபவிச்சவன் நான். இன்னிக்குப் புலம்புற ஆம்பளைங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை. டீக்கடை இருக்கு, டாஸ்மாக் இருக்கு. நிஜமா நஷ்டப்பட்டவங்க ஸ்டேட்டஸ் போடறதில்லை.

எங்க ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். மானாவாரி பூமி, கடலை, சோளம், கொறங்காட்டில் நாலு மாடு. எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் சின்னப் பையன். டவுனுக்குள்ளே இப்போ இடிக்கிற தியேட்டர். டவுனுக்கு வெளியே, எங்க ஊர் ரோட்டோரம் ஒரு டூரிங் கொட்டாய். தென்னங்கீத்துக் கூரை, பக்கத்தில் பாதி உயரத்துக்குத் தட்டி. பகலில் வெளிச்சம் உள்ளே அடிக்கும், அதனால மேட்னி கிடையாது. பொழுது சாயும்போது குழாய் ரேடியோவில் சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையார் பாட்டைப் பாடினா டிக்கெட் குடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். பாட்டு எங்க தோட்டம் வரைக்கும் கேட்கும். பால் கறந்துட்டு இருக்கிற அம்மாவோட கை வேகமாயிரும்.

ஒரே மிஷின்தான். ரீல் மாத்த மாத்த லைட்டைப் போடுவாங்க, ஒரு படத்துக்கு மூணு இடைவேளை. மிஷினுக்குள்ளே கார்பன் குச்சி எரிஞ்சுதான் திரைக்கு வெளிச்சம் வரும். எரிஞ்சது போக மிஞ்சின துண்டை மறுநாள் போய்ப் பொறுக்கிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் பசங்ககிட்ட பெருமையடிப்போம்.

நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தப் பக்கம் ஆம்பளைங்க, இந்தப் பக்கம் பொம்பளைங்க. பொடுசுங்க அம்மாகூடத்தான் உட்காரணும். அதனால எனக்குக் கொட்டாய்ன்னா பொம்பளைங்க பக்கம்தான். வீட்டில் மாமனார் மாமியார் முன்னாடி சத்தமா சிரிக்காத எங்கம்மா, அங்கே மணலில் காலை நீட்டி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும். பக்கத்து ஊருக்குக் கட்டிக் குடுத்த சித்தி அங்கே வரும். அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கணும்னா விசேஷம் வரணும், இல்லைன்னா இழவு விழணும். கொட்டாயில் மட்டும் யாரையும் கேட்காம பார்த்துக்கலாம். ரீல் மாத்துற நேரமெல்லாம் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிட்டே இருப்பாங்க.

ஒருக்கா 'துலாபாரம்' பழைய பிரிண்ட் வந்துச்சு. சாரதா அழுக, இங்கே மொத்த மணலும் அழுதுச்சு. லைட் போட்ட பிறகும் எங்க தெரு அக்கா ஒருத்தங்க அழுகையை நிறுத்தலை. ஏன்னு யாரும் கேட்கலை, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். எங்கம்மா முறுக்கைப் பாதி ஒடச்சு அவங்க கையில் வெச்சுது.

படம் விட்டு ஒரு அரிக்கேன் லைட்டோட பத்துப் பொம்பளைங்க பேசிட்டே நடந்து வருவாங்க. வேற எதுக்கும் அம்மாவை ராத்திரியில் வெளியே விடாத எங்கப்பா, அதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

நம்ம கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-லேயே மிஷினைத் தூக்கிட்டு ஊர் ஊரா படம் காட்டினவர். 1914-ல் அவர் கட்டின வெரைட்டி ஹால் பேரு அந்த ரோட்டுக்கு இன்னும் இருக்கு. சாதி பார்க்காம தமிழர்கள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் இடம் சினிமா கொட்டகைன்னு பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கார். சரியான பேச்சு. அதோட பொம்பளைங்க கணக்கையும் சேர்த்துக்கணும்னு நான் சொல்றேன்.

1987-ல் டிவியில் ராமாயணம் வந்துச்சு. ஊரில் டிவி வாங்கினவங்க வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நாள் கூட்டம் கூடுச்சு. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி. கொட்டாய் பிரிச்ச இடத்தில் இப்போ தேங்காய்க் களம். கொட்டாய் போன பிறகு எங்கம்மா ராத்திரி வெளியே போனது நோம்பிக்கும் இழவுக்கும்தான்.

மகளிர் குழு இருக்கே, நூறு நாள் வேலை இருக்கேன்னு கேட்பீங்க. நல்லதுதான், இல்லைங்கலை. குழுவில் தவணை பேசறாங்க, வேலையில் மண்ணு சுமக்கறாங்க. வேலை வெட்டி இல்லாம, காலை நீட்டிச் சும்மா உட்கார எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஒரு இடம் காட்டுங்க பார்க்கலாம். போன்லதான் எல்லாப் படமும் வருதேன்னு என் மகனே சொல்றான். வருது. எங்க வீட்டிலேயே மூணு பேரும் மூணு ரூமில் பார்க்கறோம். மருமக சமையல் பண்ணிட்டே பார்க்குது.

மால் தியேட்டருக்குப் போகலாம்தான். நாலு பேர் போய் வந்தா களையெடுக்கிற பொம்பளையோட ரெண்டு மூணு நாள் கூலி போயிரும், கடைசி பஸ்ஸும் போயிரும்.

கிராமசபையில் கேட்டுப் பார்த்தேன். சமுதாயக் கூடத்தில் மாசம் ஒருநாள் திரை கட்டிப் படம் போடலாம், பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு பக்கம் விட்டுன்னு. சிரிச்சாங்க. முதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் சினிமா பார்க்கலாம்னாங்க. தண்ணி கேட்க வேண்டாம்னு நானும் சொல்லலையே.

கடலை பிடுங்கி முடிஞ்சா எங்க களம் சும்மாதான் கிடக்கும். புரொஜெக்டர் வாடகைக்கு விசாரிச்சு வெச்சிருக்கேன். அம்மாகிட்டச் சொன்னேன். என்ன படம்னு கேட்கலை. "உங்க சித்தியை யாரு கூட்டிட்டு வர்றது?"ன்னு கேட்டுது.