1990 ஜூனில் சரணடைந்த பொலிஸாருக்காகச் சாட்சியம் கூறுங்கள்: திருகோணமலை நகர மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

சம்பூர்க் கடற்கரையோரத்தில் 2025 ஜூலையில் கண்ணிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டு, மூதூர் நீதவான் நீதிமன்றத்தின் தலையீட்டால் அப்பணி இடைநிறுத்தப்பட்ட நாள்முதல், இந்நகரத்தில் எழுந்த கேள்வி அவை யாருடையவை என்பதாகவே இருந்தது. இறந்தவர் எந்த இனத்தவர் என்பதை அறிந்த பிறகே துக்கப்படுவதா, பேசாதிருப்பதா என்று தீர்மானிக்கும் பழக்கம் இம்மாவட்டத்தின் மூன்று சமூகங்களிடமும் ஊறிவிட்டது. அவ்வாறே தமிழர் தம் வாயால் அநேகமாகப் பேசாமலே விட்டுவிட்ட ஒரு கூட்டம் உண்டு: 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கு மாகாணப் பொலிஸ் நிலையங்களில் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடைந்த பின் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட 600இற்கும் மேற்பட்ட பொலிஸார். அவர்களைப் பற்றி ஒரு முழுமையான ஆவணப்படம் எடுக்கப்பட வேண்டும் என்றும், அதில் தமிழ் பேசும் சாட்சிகள் முகங்காட்டிப் பேச வேண்டும் என்றும் கோரியே இவ்வேண்டுகோள் விடுக்கப்படுகிறது.

பின்னணி இங்குள்ளோர் அறிந்ததே. இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. பிரேமதாச அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையே நடந்துவந்த பேச்சுவார்த்தை மூன்று மாதங்களுக்குள் முறிந்து, பொலிஸ் நிலையங்கள் முற்றுகையிடப்பட்டபோது, எதிர்த்து நிற்க ஆயத்தமாயிருந்த பொலிஸாருக்கும் சரணடையுமாறு கொழும்பிலிருந்தே பணிப்பு வந்தது. பாதுகாப்பாக அனுப்பிவைக்கப்படுவார்கள் என்ற வாக்குறுதியை நம்பி வெளியே வந்தவர்கள் வாகனங்களில் ஏற்றப்பட்டு, திருக்கோவிலை அண்டிய ரூபஸ்குளம் காட்டுப்பகுதி போன்ற இடங்களில் கைகள் கட்டப்பட்ட நிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களில் இருந்தார்கள். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, அதாவது ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போருக்கும் பொருந்தும் விதி, ஆயுதத்தைக் கைவிட்டவரைக் கொல்வதை எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை. விடுதலைப் போராட்டம் என்ற பெயரால் இக்கொலைகளுக்கு நியாயம் தேடுவோர், 2009இல் முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவர்களுக்காக எந்த வாயால் நியாயம் கேட்பார்கள்?

பணிப்பை யார் வழங்கினார், அதன் பின் அவர்களை மீட்க என்ன செய்யப்பட்டது என்பதை 35 ஆண்டுகளுக்கு மேலாக எந்த அரசாங்கமும் நாட்டுக்குத் தெளிவுபடுத்தவில்லை. கொலைகளுக்காக ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. புலிகளின் மட்டக்களப்பு-அம்பாறைப் பிராந்தியத் தளபதியாக இருந்த விநாயகமூர்த்தி முரளிதரன், 2004 மார்ச்சில் இயக்கத்திலிருந்து பிரிந்து அரசாங்கத்தின் பக்கம் வந்ததும், 2008இல் தேசியப் பட்டியல் வழியே நாடாளுமன்ற உறுப்பினராகவும் 2009இல் அமைச்சராகவும் ஆக்கப்பட்டார். இக்கொலைகளில் தமக்குப் பொறுப்பில்லை என்று அவர் மறுத்துவந்துள்ளார். அம்மறுப்பு உண்மையா என்பதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய அரசு அவருக்குப் பதவி கொடுத்தது. கைவிலங்கும் துப்பாக்கியும் கொடுத்துக் கிழக்குக்கு அனுப்பிய தன் சொந்தப் பொலிஸாரையே இப்படிக் கைகழுவிய அரசு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் விடை சொல்லும் என்று எதிர்பார்க்க எந்த முகாந்திரமும் இல்லை.

ஆகவே இந்த ஆவணப்படம் மார்ச் 21ஆம் திகதி, அதாவது 1864இல் கொள்ளைக்காரன் சரதியேலைப் பிடிக்கச் சென்று உயிரிழந்த கொன்ஸ்தாபிள் சபானின் நினைவாகக் கடைப்பிடிக்கப்படும் பொலிஸ் வீரர் தினத்தில், சோக இசையோடு ஒளிபரப்பி முடித்துவிடும் அஞ்சலியாக அமைந்துவிடக் கூடாது. ஜூன் 11ஐ மட்டும் காட்டிவிட்டு, அதைத் தொடர்ந்த மாதங்களில் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த 100இற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும், செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 தமிழர் பிடித்துச் செல்லப்பட்டதையும், செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் 184 பேர் பலியானதையும் விட்டுவிடும் படம், இறந்த பொலிஸாரை இன்னொரு பழிவாங்கலுக்கான சுவரொட்டியாக்கிவிடும்.

திருகோணமலைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு, காந்தி சிலையடியைச் சுட்டிக்காட்டினாலே போதும். 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கே கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில் சந்தேகநபர்களாக நின்றவர்கள், பயங்கரவாத எதிர்ப்புக்கென உருவாக்கப்பட்ட பொலிஸ் பிரிவான விசேட அதிரடிப்படையினர். மாணவர்கள் தாம் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்ற கதையைத் தம் நிழற்படங்களால் பொய்யாக்கிய செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாதம் 24ஆம் திகதியே சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சுறுத்தப்பட்ட மாணவர் குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேறின. 2013இல் கைதுசெய்யப்பட்ட 13 பேரும் 2019 ஜூலை 3ஆம் திகதி போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அங்கே பொலிஸார் குற்றம் சாட்டப்பட்டவர்கள், 1990 ஜூனில் பொலிஸார் கொல்லப்பட்டவர்கள். இரண்டு இடத்திலும் குற்றவாளியைக் காப்பாற்றியது சாட்சியின்மைதான். மாணவர் வழக்கின் சாட்சிகளை அச்சம் விரட்டியது. 1990இன் சாட்சிகளைத் தடுத்து வைத்திருப்பதில் அச்சத்தோடு, இயக்கத்தின் பெயருக்குக் களங்கம் வந்துவிடுமே என்ற கவலைக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலையும் இராசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை பொதுவாக 20 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். பொலிஸாரைக் கடத்தியது, அடைத்து வைத்தது ஆகியவற்றுக்கான காலம் 2010 ஜூனிலேயே முடிந்துபோயிற்று. மாணவர் வழக்கில் தடயங்களை மறைத்தது போன்ற குற்றங்களுக்கான கதவும் 2026 ஜனவரியோடு மூடத் தொடங்கிவிட்டது. சட்டத்தில் எஞ்சியிருப்பது கொலைக் குற்றச்சாட்டு ஒன்றே. 1990இல் 25 வயதாயிருந்த சாட்சிக்கு இன்று 60 கடந்துவிட்டது.

ஆகையால் 1990 ஜூனில் பொலிஸார் ஏற்றப்பட்ட வாகனங்களைக் கண்டவர்களும், ஓட்டும்படி பணிக்கப்பட்ட சாரதிகளும், தப்பிவந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும், இன்று திருகோணமலையில் வசித்தாலும் புலம்பெயர்ந்து வாழ்ந்தாலும், தம் சாட்சியத்தை ஒளிப்பதிவாக மட்டுமன்றித் திகதியும் இடமும் குறித்துக் கையொப்பமிட்ட எழுத்தாகவும் ஒரு சட்டத்தரணி முன்னிலையில் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பெயர் வெளியிட அஞ்சுவோர் 2023ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம். அரசாங்கம் சரணடையும் பணிப்புத் தொடர்பான கோவைகளை வெளியிட வேண்டும். இவற்றில் ஒன்றும் நடவாமல் அடுத்த ஜூன் 11 வருமானால், ஆவணப்படத்தை எடுக்கப்போகிறவர்கள் தமிழ்ச் சாட்சி ஒருவர்கூட இல்லாமலே அதை எடுப்பார்கள். அப்போது அது ஒருதலைப்பட்சமானது என்று முறையிடும் உரிமை இந்நகரத்தில் எவருக்கும் இராது.