திருமணப் படங்களும் அமானிதமே

சென்னையில் நம் குடும்பத் திருமணங்கள் சில மெல்ல உருமாறி வருவதைக் காண்கிறோம். ஆயிரம் பேர் அமரும் மண்டபம் இல்லை, மேடை இல்லை, சீர்வரிசை ஊர்வலம் இல்லை. அஸர் தொழுகைக்குப் பின் மஹல்லாப் பள்ளிவாசலில் நிக்காஹ். மாலையில் வீட்டு மொட்டைமாடியில் நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் விருந்து. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது திருமணத்தில் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. அன்று வேறு வழியின்றிச் செய்ததை இன்று சிலர் விரும்பியே செய்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இது வரவேற்கத்தக்க மாற்றம்.

இதற்கு நம் மார்க்கத்தில் முன்மாதிரியும் உண்டு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மணமுடித்த செய்தி, அவர்மீது படிந்திருந்த மஞ்சள் நிற வாசனைப் பொருளின் தடயத்தைக் கண்டு விசாரித்த பிறகே நபி (ஸல்) அவர்களுக்குத் தெரிய வந்தது. தம்மை அழைக்கவில்லையே என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பரக்கத்துக்காக துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு கூறினார்கள்.

ஆனால், கூட்டம் குறைந்த இத்திருமணங்களில் கேமரா முன்னைவிட நெருங்கி வந்துவிட்டது. மண்டபத்தில் பெண்கள் பகுதியை மறைக்க ஒரு திரையாவது இருந்தது. சிறிய வீட்டிலோ புகைப்படக் கலைஞர் நடுக்கூடத்திலேயே நிற்கிறார். மருதாணி இடும் அறை, உம்மாவை அணைத்து அழும் மணமகள், முக்காடு நழுவியது அறியாமல் சிரிக்கும் சகோதரி என எல்லாமே 'கேண்டிட்' படங்களாகின்றன.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், கணவரை இழந்த சகோதரி ஒருவரின் மறுமணம் 25 பேர் முன்னிலையில் நடந்தது. அடுத்த வாரமே அப்படங்கள் ஸ்டூடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளியாயின. எளிய திருமணத்தைப் பாராட்டும் நல்லெண்ணத்தில்தான் அவற்றை வெளியிட்டிருந்தார்கள். பார்த்தவர்களோ அவருடைய வயதையும், அருகில் நின்ற இரு பெண் பிள்ளைகளையும் பற்றிக் கருத்துரைக்கத் தொடங்கினர். குடும்பத்தார் கேட்டதும் படங்கள் நீக்கப்பட்டன; அதற்குள் அவை வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிட்டன. மூத்த மகள் சில நாள்கள் பள்ளிக்குச் செல்ல மறுத்தாள். பின்னர் எடுத்துப் பார்த்தபோது, கையொப்பமிட்ட ஒப்பந்தத் தாளின் கடைசி வரியில் வெளியிடும் அனுமதி இருந்தது. ஒருவரும் அதைப் படித்திருக்கவில்லை.

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் (24:27) கற்பிக்கிறது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். வாசலில் நிற்பவருக்கே இந்த ஒழுங்கு என்றால், வீட்டின் உட்புறத்தைப் படமாக்கி முகமறியாத ஆயிரம் பேருக்குத் திறந்து வைப்பதை எவ்வாறு இலேசாகக் கருத முடியும்? இதற்காகப் பெண்களின் முக்காட்டை மட்டும் குறை கூறுவதும் நீதியாகாது. அதே அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது.

அப்படியானால் படமே எடுக்கலாகாதா? கேமராப் படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. ஆனால் அந்தச் சகோதரியின் வீட்டில் இன்றும் ஒரு படம் பத்திரமாக இருக்கிறது. கைம்பெண்ணின் மறுமணத்தை ஏதோ குற்றம்போல் ஓசையின்றி முடிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. நபி (ஸல்) அவர்களின் முதல் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களும் கைம்பெண்ணாக இருந்தவரே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தங்கள் தாயின் நிக்காஹ் கண்ணியமாக நடந்தது என்பதற்கு அப்பிள்ளைகளிடம் அந்தப் படம் இருக்கட்டும். அது அவர்களுக்கு உரியது.

நிக்காஹை அறிவிக்க வேண்டும் என்பதும் மார்க்கமே. சாட்சிகளும், ஜமாஅத்தின் பதிவேடும், அண்டை வீட்டாரையும் ஏழைகளையும் அழைத்துக் கொடுக்கும் வலீமாவும் அந்த அறிவிப்பை நிறைவேற்றிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மணமகளின் முகம் ஊரெங்கும் பரவ வேண்டிய தேவை இவற்றில் எங்கும் இல்லை.

எனவே, திருமண வேலைகளைத் தொடங்கும்போதே சிலவற்றை முடிவு செய்துகொள்வோம். கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ஒப்பந்தத்தை முழுமையாகப் படிப்போம். வெளியிடும் அனுமதி அதில் இருந்தால் அடித்துவிட்டுக் கையொப்பமிடுவோம். பெண்கள் பகுதிக்குப் பெண் புகைப்படக் கலைஞரை அமர்த்துவோம். படங்களைப் பெற்ற பின் ஸ்டூடியோவில் உள்ள பிரதிகளை அழிக்குமாறு கேட்போம். மணமகளிடமும் கேட்போம், எந்தப் படம் யாரிடம் போகலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

விருந்தாளிகளாகச் செல்லும் நாமும் சாப்பிட்டு முடிப்பதற்குள் மணமக்களின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறோம். ஸ்டூடியோவைக் குறை கூறும் முன் நம் கைப்பேசியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பம் தன் வீட்டின் உள்ளறை வரை உங்களை நம்பி அழைக்கிறது. அங்கே நீங்கள் எடுத்த படம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணி ஈட்டும் வருவாயில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் இல்லங்களின் மானத்தையும் அவனே காப்பானாக! ஆமீன்.