வங்கியில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?



வீடியோ அழைப்பில் போலி போலீஸ் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்றதும், "படிச்சவங்க போய் ஏமாறுவாங்களாங்க?" என்று சிரிக்கிறவர்கள் கோவையில் இன்னும் இருக்கிறார்கள். மில்கள் நிறைந்த இந்த ஊருக்கு நன்றாகத் தெரிந்த பெயர் வர்தமான். அந்த லூதியானா நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை 2024 ஆகஸ்ட் இறுதியில் சி.பி.ஐ. அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஸ்கைப் கேமரா முன்னாலேயே உட்கார வைத்தார்கள். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு நாடகம். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் வேடத்தில் ஒரு குரல். போனது 7 கோடி ரூபாய். சீக்கிரமே புகார் கொடுத்ததால் 5.25 கோடி மீண்டது.

அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடியோவில் வாரண்ட் காட்டுகிறவன் திருடன். இணைப்பைத் துண்டித்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டியதுதான். ஆனால் எதிராளி அதட்டினாலும் "சரிங்க, சொல்லுங்க" என்றே பழகிய கொங்கு நாக்குக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

விழிப்புணர்வுப் பாடமெல்லாம் ஏமாறுகிறவருக்கே. பணம் வெளியேறும் வாசலில் இருக்கும் வங்கி ஊழியர்களுக்கு?

பயிர்க்கடன் கேட்டுப் போகும் விவசாயியிடம் சிட்டா, அடங்கல் என்று கேள்விமேல் கேள்வி. ஆயுள் சேமிப்பான டெபாசிட்டை ஒரே நாளில் முறித்து, முன்பின் தெரியாத கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். போட வரும் பெரியவரிடம், பல கிளைகளில் கையெழுத்து மட்டும்தான். அவர் சட்டைப் பையில் போன் லைனிலேயே இருக்கும்.

கேட்டால் பலன் உண்டு. 2024-இல் ஹைதராபாத் எஸ்.பி.ஐ. கிளை ஒன்றில், பதற்றத்தோடு வந்த மூத்த வாடிக்கையாளரை ஊழியர்கள் விடாமல் விசாரித்ததில் 13 லட்சம் ரூபாய் தப்பியது. அது அந்த ஊழியர்களின் அக்கறை. கோவையில் எல்லாக் கிளைக்கும் அது கட்டாய வழக்கமாக வேண்டும்: பெரியவரை மேலாளர் அறையில் உட்கார வைத்து, போனை அணைக்கச் சொல்லி, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, சந்தேகம் இருந்தால் 1930-க்குச் சொல்ல வேண்டும். மாவட்ட வங்கியாளர்கள் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஆட்சியர், அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்கட்டும்.

— வாசகர் ஒருவர், பீளமேடு, கோவை