நின்னு போன காரும் மயங்கி விழுந்த பெரியவரும்

கொஞ்சம் நீளமான பதிவு. டாக்டர் எதுக்கு கார் ரிப்பேர் பத்தி எழுதுறார்னு தோணும். பழைய கார் வச்சிருக்கவங்களும், வீட்ல வயசானவங்க இருக்கவங்களும் பொறுமையா படிங்க.

அப்பாவோட கார். 2004 மாடல், பெட்ரோல். போன சித்திரை வெயில்ல திருச்சியில இருந்து மதுரைக்குக் குடும்பத்தோட போறோம். விராலிமலை தாண்டி 80-ல போயிட்டிருக்கப்ப இன்ஜின் ஆஃப். குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பின மாதிரி. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பின்னாடி ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. பின்சீட்ல அம்மாவும் என் பொண்ணும். எப்படியோ இடதுபக்கம் ஒதுக்கிட்டேன். அரைமணி நேரம் கழிச்சு சாவி போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

ஊர் திரும்பி ஒர்க்‌ஷாப்ல விட்டோம். ஓட்டிப் பாத்தாங்க, நல்லா ஓடுச்சு. ஸ்கேனர் போட்டாங்க, எந்தக் கோளாறும் காட்டல. "எதுக்கும் மாத்திடலாம் சார்"னு முதல்ல பேட்டரி, அப்புறம் ஸ்பார்க் பிளக், அப்புறம் பெட்ரோல் பம்ப். மொத்தம் 14,000 ரூபாய். பத்தாவது நாள் மறுபடி நின்னுச்சு.

இப்ப என் கிளினிக்குக்கு வாங்க. "நேத்து மயங்கி விழுந்துட்டார் டாக்டர்"னு ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வருவாங்க. அவர் என் முன்னாடி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். பல்ஸ், பிரஷர், ஈசிஜி எல்லாம் நார்மல். விழுந்த அந்த ஒரு நிமிஷத்துலதான் விஷயமே இருக்கு, அது போயிடுச்சு. ஈசிஜி நார்மல்னா, எடுத்த நேரத்துல நார்மல். அவ்வளவுதான். ஸ்கேனர்ல ஒண்ணும் வரலைங்கிறதும் அதே கதைதான்.

நண்பர் ஒருத்தர் சொல்லி ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அறுபது வயசு மெக்கானிக். பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூல் போட்டு உக்கார வச்சு கேள்வியா கேட்டார். காலையில குளிர்ந்த வண்டி நின்னுச்சா, ரொம்ப தூரம் ஓடின வண்டியா? நிக்குறதுக்கு முன்னாடி இழுவை குறைஞ்சுச்சா? டேஷ்போர்டு லைட் எரிஞ்சுச்சா, அதுவும் சேந்து செத்துச்சா? ஆர்பிஎம் முள் எப்படி விழுந்துச்சு? மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்?

ஒவ்வொரு கேள்வியும் ஒரு கதவை மூடுறதுக்குனு பிறகுதான் புரிஞ்சுது. மேட்டுல ஏறும்போது திணறித் திணறி நின்னா பெட்ரோல் போய்ச் சேரல: ஃபில்டரோ பம்ப்போ. சிக்னல்ல ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நின்னா த்ராட்டில் பாடி அழுக்கையோ ஐடில் வால்வையோ பாக்கணும். லைட் எல்லாம் சேந்து அணைஞ்சா பேட்டரி கிளாம்ப், இக்னிஷன் சுவிட்ச். எங்க வண்டியில லைட் எரிஞ்சுச்சு. வண்டி கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போதே முள் மட்டும் சட்டுனு ஜீரோ. சூடான பிறகு நிக்குது, ஆறினா ஓடுது.

"கிராங்க் சென்சார் சார். உள்ள காயில் கம்பி விட்டிருக்கும். சூட்டுல பிரியும், ஆறினா ஒட்டிக்கும்"னார். அதோட விட்டிருந்தா அதுவும் ஊகம்தான். இன்ஜினை ஓடவிட்டு, ஹீட் கன் எடுத்து அந்தச் சென்சார்மேல மட்டும் சூடு காட்டினார். கொஞ்ச நேரத்துல இன்ஜின் நின்னுச்சு. ஈரத்துணி சுத்தினார், ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டாவது தடவையும் அதேதான். நாங்க ஹார்ட் பேஷன்ட்டை ட்ரெட்மில்ல ஓடவிட்டுப் பாக்குறோமே, அதே வேலை.

பில்: சென்சார் 1,800, கூலி 300. "கண்டுபிடிச்சதுக்கு எவ்வளவுண்ணே?"ன்னேன். "அதுக்கு யார் சார் காசு தர்றா? சாமானுக்குத்தான் தருவாங்க"ன்னார்.

என் கோபம் இங்கதான். முதல் ஒர்க்‌ஷாப்காரங்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்ல மாட்டேன். நாம பார்ட்ஸுக்குக் காசு தர்றோம், யோசிக்கிறதுக்குத் தர்றதில்லை. அப்ப பார்ட்ஸ்தான் மாத்துவாங்க. என் தொழில்ல மட்டும் என்ன வாழுது? இருபது நிமிஷம் கேள்வி கேட்டு, ஒண்ணும் எழுதாம அனுப்பினா "சும்மா பேசி அனுப்பிட்டார்"ம்பாங்க. சி.டி. ஸ்கேன் எழுதினா நல்ல டாக்டர்.

நானும் அதைப் பண்ணியிருக்கேன். சில வருஷம் முன்னாடி, ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவர் விழுந்துட்டார். மூளைக்கு ஸ்கேன் எழுதினேன், நார்மல். ரெண்டாவது தடவை விழுந்து நெத்தி கிழிஞ்சு வந்தப்பதான் அவர் சம்சாரம் சொன்னாங்க, ப்ராஸ்டேட்டுக்குப் புது மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் இப்படின்னு. படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை பிரஷர் பாத்தேன். நின்னதும் சர்ருன்னு இறங்குச்சு. முதல் நாளே கேட்டிருந்தா அந்தத் தையல் இல்லை. (இதைப் படிச்சுட்டு மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டரைக் கேளுங்க.)

அதனால வண்டி நின்னா, நின்ன இடத்துலயே மேல சொன்ன கேள்விகளுக்குப் பதிலை போன்ல குறிச்சு வைங்க. தொடர்ந்து ஸ்டார்ட் பண்ணிப் பேட்டரியைக் காலி பண்ணாதீங்க. மெக்கானிக்கிட்ட "பாத்துச் சொல்ல எவ்வளவு"னு தனியா பேசிக்குங்க. ஊகத்துல மாத்துறேன்னா, எதை வச்சுச் சொல்றீங்கன்னு கேளுங்க. நான் அண்ணனுக்கு 1,000 ரூபாய் தனியா குடுத்தேன். வாங்க மாட்டேன்னார், பையில வச்சுட்டு வந்தேன்.

ஓடும்போது நின்னா: கிளட்சை மிதிச்சு உருளவிட்டு, ஹஸார்ட் லைட் போட்டு இடதுபக்கம் ஒதுங்குங்க. பிரேக்கை விட்டு விட்டு அடிக்காதீங்க, பூஸ்டர்ல மிச்சம் இருக்க வேக்குவம் சீக்கிரம் தீந்துடும். ஒரே அழுத்தா அழுத்துங்க. உருண்டுக்கிட்டு இருக்கும்போது சாவியை உருவாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆயிடும். நின்னதும் எல்லாரையும் வண்டியை விட்டு இறக்கி ரோட்டுக்கு வெளியே நிக்க வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033. அன்னிக்கு எனக்கு இந்த நம்பர் ஞாபகமே வரல.