அப்பா திருப்பிக் கொடுத்த ஐந்நூறு ரூபாய்



இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி, மகளைப் பார்க்க வருகிறார் அப்பா. கையில் கட்டைப்பை. உள்ளே நாலு தேங்காய், ஒரு படி நிலக்கடலை, பேரனுக்குக் காராபூந்தி. காபி குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "சரி பாப்பா, பொழுதோட கெளம்பறேன்" என்று எழுந்திருப்பார். மகள் உள்ளே போய், பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்துவந்து அவர் சட்டைப்பையில் வைப்பாள். "அட, எதுக்குக் கண்ணு? மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?" கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் அப்பா விட்டுக்கொடுத்ததுபோல இருக்கும். ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்போது, அதே நோட்டைப் பேரன் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்.

மகள் அந்த நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன். பெற்ற கடனுக்கு மகன் செய்வதை வாங்கிக்கொள்ள நம் அப்பாக்களுக்குத் தயக்கமே கிடையாது. மகள் கொடுத்தால் மட்டும் கை பின்னால் போய்விடுகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திச் சம்பாதித்ததாக இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்துச் சம்பாதித்ததாக இருக்கட்டும், அப்பா கண்ணுக்கு அது மாப்பிள்ளை வீட்டுக் காசு. மகள் வீட்டில் கை நனைக்கவே யோசித்த தலைமுறை அது. பெருந்தன்மை என்று நாமும் மெச்சிக்கொள்கிறோம். எனக்கு இப்போதெல்லாம் அப்படி மெச்ச மனம் வருவதில்லை. காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் தொட்டில்களை வைத்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். பெண் குழந்தையை வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்று ஒரு அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். இயல்பாக விட்டிருந்தால் 950ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். கள்ளிப்பால் என்ற வார்த்தையை இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். பிறகு ஸ்கேன் வந்தது, பிறப்பதற்கு முன்பே முடிவெடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 900ஐத் தாண்டியது. ஆறுதல்தான், நிம்மதியாக உட்கார்ந்துவிடும் அளவுக்கு இல்லை.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது ஒரு வீட்டுக் கணக்கு. காது குத்து, சடங்கு, சீர், நகை என்று பெண்ணுக்குப் போவதெல்லாம் போனதுதான், திரும்பி வராது. மகன் கஞ்சி ஊற்றுவான், கொள்ளி வைப்பான். மகள் இன்னொருவர் வீட்டுக்கு விளக்கேற்றப் போகிறவள். எத்தனை வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்!

அதே ஊர்களில், அதே வருஷங்களில், இந்தக் கணக்கைக் காதில் வாங்காத அப்பாக்களும் இருந்தார்கள். அவர்கள்தான் அதிகம், ஆனால் அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடவில்லை. மூன்றாவதும் பொட்டப்புள்ளை என்று நர்ஸ் சொன்னபோது தலை குனியாமல், குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டவர்கள். டீக்கடையில் "இனி நீ நாலு தறி கூடுதலா ஓட்டணும்" என்று கேலி பேசியதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் நாலு தறி கூடுதலாக ஓட்டியவர்கள். தாரமங்கலத்திலும் ஜலகண்டாபுரத்திலும் தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள், லாரி ஓட்டி இடுப்பு போனவர்கள், கரும்புப்பால் காய்ச்சும் கொப்பரை முன்னால் வெந்தவர்கள். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்துப் பட்டமளிப்பு விழாவுக்கு, தேய்த்துக் கட்டிய வெள்ளை வேட்டியோடு வந்து பின்வரிசையில் உட்காரும் அப்பாக்கள் இவர்கள்தான். 1992இல் பிறந்த பெண்ணுக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. அவளுக்கே ஒரு மகள் இருப்பாள்.

உயிரோடு வளர்த்ததற்காக ஒரு மகள் நன்றி சொல்ல வேண்டுமா? வேண்டாம். உயிரோடு இருப்பது அவள் உரிமை. அதற்கு யாரிடமும் அவள் கடன்படவில்லை. ஆனால் ஊர் பேசியபோது அப்பா அசையாமல் நின்றாரே, அந்த நிற்றலுக்கு அவள் மனதில் ஒரு இடம் உண்டு. அதை எப்படியாவது அவரிடம் சேர்த்துவிடத் தவிக்கிறாள். அந்த ஐந்நூறு ரூபாய் அதுதான்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை வேறு மாதிரி செய்த ஒரு அப்பாவும் மகளும் சென்னையில் இருந்தார்கள். ஏ. லலிதா பதினெட்டு வயதில் விதவையானபோது கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அந்தக் காலத்தில் விதவைப் பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் உலகம். அவர் மகளுக்காக மேலிடம்வரை பேசி, 1940இல் ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். அவளுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது! இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான லலிதா பிறகு என்ன செய்தார் தெரியுமா? சிம்லாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி என்று அப்பா செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிகளில் உதவியாக நின்றார். அந்த அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. மகளின் படிப்பு தனக்கும் பயன்படட்டும் என்று வாங்கிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தந்தையர் தினமே ஒரு மகள் கேட்டு வாங்கியது. மனைவியை இழந்து ஆறு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தன் அப்பாவுக்காக, அமெரிக்காவில் சொனோரா டாட் என்ற பெண் 1910 ஜூன் 19 அன்று முதல் கொண்டாட்டத்தை நடத்தினார். இன்று நாம் அந்த நாளில் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நம்மில் எத்தனை பேரின் அப்பாவிடம் அதைப் பார்க்க ஸ்மார்ட்போன் இருக்கிறது?

சட்டம்கூட நம்மைவிட முன்னால் போய்விட்டது. திருமணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் பொறுப்பு உண்டு என்று 1987லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம், பிள்ளைகள் என்று சொல்லும்போது மகனையும் மகளையும் ஒரே வரியில் வைக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989லேயே வந்தாயிற்று. நம் வீட்டு வாசல்படியில்தான் இன்னும் மகள் விருந்தாளி.

அதனால் அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். மகள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதை வெளியிலும் சொல்லுங்கள். "இந்தக் கண்ணாடி பாப்பா வாங்கிக் குடுத்தது", "கண்புரை ஆபரேஷனுக்குப் பொண்ணுதான் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு" என்று அதே டீக்கடையில் உட்கார்ந்து சொல்லுங்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு இளைஞன் இருப்பான். வீட்டில் மனைவி இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருப்பாள். உங்கள் பேச்சு அவன் காதில் விழட்டும். போனது திரும்பி வராது என்ற பழைய கணக்கு பொய் என்று, எந்தப் போஸ்டரையும்விட நீங்கள் சொன்னால் அவன் நம்புவான்.

மகள்களே, நீங்கள் ரூபாய் நோட்டை விட்டுவிடுங்கள், அது பேரன் கைக்குத்தான் போகும். அவருக்கு எது முடியவில்லை என்று பாருங்கள். போனில் நீங்கள் சொல்வது சரியாகக் கேட்கிறதா? பல் இருக்கிறதா, முறுக்கைக் காபியில் நனைத்துச் சாப்பிடுகிறாரா? மாத்திரையை இரண்டாக உடைத்து நாளைத் தள்ளுகிறாரா? கேட்டால் "எனக்கென்ன கொறை" என்பார். கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். மாப்பிள்ளைகளே, அந்த நேரத்தில் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினால் போதும். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவர் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

அப்பாவுக்கு நீங்கள் செய்ததை எங்களுக்கு எழுதுங்கள். பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு ஜோடி செருப்பானாலும் சரி. அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம். அவர் வாங்கிக்கொண்டாரா, இல்லை பேரன் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறிவிட்டாரா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்